ஜன்னலுக்கும் கால் உண்டு!

சென்ற வாரம் இந்தப் பகுதியில் பருப்பு டப்பாவில் வண்டு புகாமல் காக்க வழி சொல்லியிருந்தேன். இந்த வாரம் இரும்பைத் தின்னும் பூச்சியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "இரும்பைத் தின்னும் பூச்சியா?" என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள். அதற்குத் துரு என்று பெயர். எங்கள் வீட்டில் அது தின்றது ஒரு ஜன்னலின் காலை. அதனால் போகவிருந்ததோ ஒரு குழந்தையின் உயிர்!

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மாயியின் வீடு இருக்கிறது. அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் அம்மாயி என்போம். தாத்தா இருந்த காலத்தில் தெருவைப் பார்த்த அறையில் குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் கால்களை விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறவருக்கு, ஜன்னலும் தாழ்வாக இருந்தால்தானே பாவின்மேல் வெளிச்சம் விழும்? ஆகவே தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே அந்த ஜன்னலை வைத்திருந்தார்கள். இன்று தறி இல்லை. குழியைப் பலகை போட்டு மூடியாகிவிட்டது. ஜன்னல் மட்டும் அம்மாயியின் சொத்தாக இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் கீரைக்காரியோடு பேரம் பேசுவாள். தெருவில் போகிற வருகிறவர்களின் க்ஷேமலாபங்களை விசாரிப்பாள்.

நான் சிறுமியாக இருந்தபோது மூன்று படி ஏறித்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். இப்போதோ ஒரு படி இறங்கிப் போக வேண்டும். வீடு ஒன்றும் இறங்கவில்லை, தெருதான் ஏறிவிட்டது! ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின்மேல் புதிய சாலை. தோசைமேல் தோசை வார்த்த மாதிரி அது உயர்ந்துகொண்டே வந்தது. தெருவிலிருந்து இரண்டரையடி உயரத்தில் இருந்த ஜன்னல், இப்போது அரையடி உயரத்தில் நிற்கிறது. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் தெறிப்பது அதன்மேல்தான். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீரும் அதன்மேல்தான். தெரு நாய்களின் கைங்கரியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போன மாரியம்மன் பண்டிகைக்கு நாங்கள் எல்லோரும் சேலத்தில் கூடியிருந்தோம். ஆடி மாதமல்லவா, இரண்டு நாளாகச் சாயங்கால மழை வேறு. சமையலறையில் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். என் அக்காவின் மூன்று வயதுப் பெண் முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். தெருவில் பலூன்காரரின் 'பீப்பீ' சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம், "ஐயோ, புள்ளை!" என்று ஒரு கூச்சல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், ஜன்னல் கம்பி ஒன்று கடிகாரத்தின் ஊசல்போல மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். அடி விட்டுப் போயிருக்கிறது. இடைவெளியில் நுழைந்து நேரே தெருவில் இறங்கிவிட்டாள்! அந்தச் சமயத்தில் எதிரே ஒரு மினி லாரி வந்திருக்கிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து குழந்தையைத் தூக்கியிராவிட்டால்... அதை நினைக்கவே இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஜன்னலுக்குப் பொங்கலின்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தோம். கிளிப்பச்சை வர்ணம், பார்ப்பதற்குப் பளபளவென்று அவ்வளவு லட்சணம்! கம்பியின் அடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பச்சைத் தோல்; உள்ளே பரோட்டாவைப்போல் அடுக்கடுக்காகத் துரு. விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மற்ற கம்பிகளையும் அசைத்துப் பார்த்தோம். ஏழு கம்பிகளில் நான்குக்குக் கால் இல்லை.

இத்தனையும் நடந்தது எந்த ஊரில்? இரும்புக்குப் பேர்போன சேலத்தில்! நகரத்தை ஒட்டிய கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் கிடைக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புக்கல்லை நம்பித்தான் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் உருக்காலை வைத்தார். பிரதமராக இருந்த இந்திரா காந்தி 1970-ல் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையில், 1980-களின் தொடக்கத்திலிருந்து, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் உருவாகி வருகின்றன. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் ஜன்னலுக்குக் கால் இல்லாமல் போயிற்று!

மறுநாள் வெல்டிங் வேலைக்கு ஒரு தம்பி வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர். அங்கே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். நாமக்கல் பட்டறைகளில் கட்டிய லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவரிடம், "மேலே எல்லாம் நன்றாக இருக்க, அடி மட்டும் ஏன் தம்பி இப்படிப் போயிற்று?" என்று கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, லாரிங்க மழையில நனையாத நாளா இருக்குது? நனைஞ்ச எடம் காத்துல காஞ்சிருமுங்க. தண்ணி தங்குற எடந்தான் போயிரும். அதனாலதான் நாங்க பாடி கட்டயில, தண்ணி நிக்கிற மூலையில ஓட்டை போட்டு வுட்டுருவோம்" என்றார்.

கல்லூரியில் ரசாயனம் படித்தவள் நான். மூன்று வருஷப் பாடத்தை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்! இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்த நீரானால் வேகம் அதிகம். சாக்கடைத் தண்ணீரிலும் நாயின் சிறுநீரிலும் உப்புக்குப் பஞ்சமில்லை. கம்பி கீழ்ச்சட்டத்தின் குழிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு மயிரிழைச் சந்து இருந்தால் போதும். உள்ளே புகுந்த நீர் வெளியே வராது. காற்றும் வெயிலும் அங்கே போய் உலர்த்தாது. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிடத் துரு இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அதனால் மரச்சட்டம் பிளக்கும், சிமெண்டு வெடிக்கும். வெடிப்பின் வழியே இன்னும் அதிகத் தண்ணீர் இறங்கும். அப்புறம் கேட்பானேன்?

டில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் பாடப் புத்தகத்தில் படமாவது பார்த்திருப்பீர்கள். சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் உருக்குலையாத தூண் அது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் படிந்திருப்பதே காரணம் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் தூணைக்கூட 1961-ல் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது! அதைச் சுத்தம் செய்து, ஈயத் தகடு சுற்றி மறுபடியும் நிறுத்தினார்கள். அரசர் நாட்டிய தூணுக்கே அடியில்தான் ஆபத்து என்றால், அம்மாயி வீட்டு ஜன்னல் எம்மாத்திரம்?

ஆகவே சகோதரிகளே, ஜன்னலைத் துடைக்கும்போது முகத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். காலையும் பாருங்கள். இதற்கு நிபுணர் யாரும் வேண்டியதில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். அதன் கைப்பிடியால் கம்பியின் நடுவில் தட்டுங்கள். 'ணங்' என்று ஒலிக்கும். பிறகு அடியில் தட்டுங்கள். அங்கே 'சொத்' என்று கேட்டால் சந்தேகம். முனையால் லேசாகக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் சந்தேகமே வேண்டாம், கால் போயிற்று. பெயிண்ட் கொப்பளம்போல் உப்பியிருந்தாலும், கீழே சிமெண்டில் பழுப்புக் கறை வழிந்திருந்தாலும் அதே நோய்தான். மொட்டைமாடிக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி, முற்றத்தின்மேல் போட்ட கம்பி வலை எல்லாவற்றையும் இப்படியே சோதிக்கலாம்.

துரு மேலோடு இருந்தால் நாமே சரி செய்துவிடலாம். தை, மாசி போன்ற உலர்ந்த மாதம் உசிதம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் இழைத்து, இரும்பின் நிறம் தெரியும்வரை துருவை எடுத்துவிட வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் அன்றைக்கே பிரைமர் பூச வேண்டும். ஒரு ராத்திரி விட்டால்கூடத் துரு மறுபடி எட்டிப் பார்க்கும். ரெட் ஆக்சைடு எல்லோருக்கும் தெரிந்தது. ஈரம் அதிகமுள்ள இடத்துக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் மேல். அதன்மேல் எனாமல் இரண்டு கை. கம்பியின் பின்புறத்தையும் அடியையும் விட்டுவிடக் கூடாது. அங்கேதான் பெயிண்டருக்கு முதுகு வலிக்கும்! துருவை எடுக்காமல் அதன்மேல் வர்ணம் பூசுவது, எண்ணெய்ப் பிசுக்குத் தலையில் மல்லிகைப்பூ வைப்பதற்குச் சமானம். எங்கள் பொங்கல் பெயிண்ட் செய்த உபகாரம் அதுதான். நோயைக் கண்ணில் படாமல் மறைத்தது.

ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் இருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே பழைய பெயிண்டை உலரத் தேய்க்காமல், ஈரம் தொட்டுத் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். உதிர்ந்ததை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது.

கால் போய்விட்டதென்றால் பெயிண்ட் எதற்கும் உதவாது. மேல் கம்பி திடமாக இருந்தால், கெட்ட அடியை அறுத்துவிட்டுப் புதுத் துண்டை வெல்டிங் வைத்து இணைக்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் புதிதாகவே போட்டுவிடுவது சிக்கனம். அப்போது எதைப் போடுவது என்ற கேள்வி வரும்.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் ஒரு வகை. அதன் மேல்பூச்சு தன்னைக் கொடுத்து உள்ளிருக்கும் இரும்பைக் காப்பாற்றும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும்; அங்கே துத்தநாகப் பெயிண்ட் பூசச் சொல்லி, எதிரில் நின்று பூச வையுங்கள். எவர்சில்வர் இன்னொரு வகை. அதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து, கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். கடைகளில் 304 என்றும் 202 என்றும் சொல்வார்கள். 202 விலை குறைவு. ஈரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும். "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் சரக்கு" என்று கடைக்காரர் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரசீதில் எண்ணை எழுதி வாங்குவதே நல்லது. ஈரமான இடத்தில் எவர்சில்வரையும் சாதாரண இரும்பையும் தொட்டுக்கொண்டு நிற்க வைத்தால், இரும்பு இன்னும் வேகமாகக் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதைப் போட்டாலும் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் சந்து வேண்டாம். குழந்தையின் தலை நுழையக் கூடாது. ஏதாவது ஓர் அறையிலாவது கிரில்லைத் திறக்கும்படி அமைத்து, சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். தீ என்று ஒன்று வந்துவிட்டால், திருடனைத் தடுத்த கம்பி நம்மையும் தடுத்துவிடும்.

குழந்தையின் காலில் துருக் கம்பி கீறியிருந்தது. டாக்டரிடம் ஓடினோம். "தொற்றுக் கிருமி துருவில் பிறப்பதில்லை அம்மா; மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. கம்பி அதை உள்ளே கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான்" என்றார். தடுப்பூசிகள் ஒழுங்காகப் போட்டிருந்ததால் கவலையில்லாமல் போயிற்று. அவரவர் வீட்டுக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கதையைச் சிகாகோவில் இருக்கும் என் சித்தி மகளிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்தாள். அவர்கள் ஊரில் வீட்டுக்கு அடியில் ஓர் அறை கட்டுவார்களாம். அந்த அறையின் ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே ஜன்னலுக்கு வெளியே மண்ணைத் தோண்டி, துத்தநாகம் பூசிய நெளிதகட்டை அரைவட்டமாக நிறுத்தி, மண் சரியாமல் காப்பார்கள். அதற்குப் பெயரே 'ஜன்னல் கிணறு'தானாம்! அடியில் ஜல்லி பரப்பி, நீர் வடியக் குழாய் வைப்பார்கள். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, ஈரமண் தொடும் இடத்தில் அந்தத் தகடும் துருப்பிடிக்குமாம். "அக்கா, நாங்க காசு கொடுத்துக் கிணறு வெட்டினோம். உங்களுக்குச் சாலை போட்டவங்க இலவசமா வெட்டிக் கொடுத்துட்டாங்க!" என்றாள்.

சிரிப்புக்கு நடுவே ஒரு விஷயம் உறைத்தது. அவர்கள் கிணற்றில் நீர் வடிய வழி இருக்கிறது. நமக்கோ சாக்கடையே வீட்டுத் தரைக்குச் சரியாக நிற்கிறது. நீரை வடிய வைக்க முடியாத இடத்தில் ஜன்னலைத்தான் உயர்த்த வேண்டும். தெரு உயர்வதையும் நிறுத்த வேண்டும். தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, 2021 மே மாதத்தில், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று தமிழகம் முழுவதற்கும் உத்தரவு அனுப்பியது நினைவிருக்கும். ஆகவே உங்கள் தெருவில் தார் வண்டி வந்து நின்றால், வாசலில் போய் நின்று, "சுரண்டினீர்களா?" என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் கோபிப்பார்கள். தெருவே கேட்டால் மறுக்க முடியுமா?

எங்கள் ஜன்னலின் அடியில் ஓரடிக்குச் செங்கல் வைத்து மூடச் சொன்னோம். அம்மாயி சம்மதிக்கவில்லை. "உங்க தாத்தன் எனக்கு வெச்சுட்டுப் போன வெளிச்சம் அது. அதையும் அடைச்சுப்புட்டு நான் எங்க போயி உட்காருவேன்?" என்று கண் கலங்கினாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வெல்டிங் தம்பிதான் சமாதானம் சொன்னார். "ஆத்தா, வெளிச்சம் மேல இருந்துதாங்க வருது. ஜன்னல் ஒரு அடி ஒசந்தா, நீங்களும் ஒரு அடி ஒசந்து உட்கார்ந்துக்குங்க!"

அப்படியே நடந்தது. புதிய விளிம்பைத் தெருப்பக்கம் சரிவாகப் பூசி, அதன் அடியில் நீர் சுவர்மேல் வழியாமல் சொட்டி விழ ஒரு வரி இழுத்தார்கள். கம்பிகளைக் கீழே புதைக்கவில்லை. சட்டத்தை இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்து, அடியில் அரை அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். இப்போது அந்த ஜன்னலின் கால் தண்ணீரில் படாமல் நிற்கிறது. ஈரத் துணியை அதில் உலர்த்தக் கூடாது, துளசித் தொட்டியை அதன்மேல் வைக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன்.

தாத்தாவின் தறிப் பலகையை அறுத்து அம்மாயிக்கு ஓர் உயரமான முக்காலி செய்து கொடுத்தோம். போன வாரம் போயிருந்தேன். அதில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கிறது அம்மாயி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. முன்னெல்லாம் தெருவுல போறவங்க காலுதான் தெரியும். இப்ப மொகம் தெரியுது!" என்றாள்.

அவளுக்கு முகம் தெரிந்தால் போதும். நீங்களும் நானும் காலைக் கவனித்துக்கொள்வோம்.